பார்ன்ஸ்டேன்

பார்ன்ஸ்டேன் என்பது அம்பரைக் குறிக்கும் டச்சு மொழிக் கூட்டுச்சொல் ஆகும். இதன் நேர்ப்பொருள் "எரியும் கல்" என்பதாகும். அம்பர் உண்மையில் கல் அன்று. பண்டைய மரங்களில் வடிந்த பிசின் புதையுண்டு இறுகியதால் உண்டான கரிமப்பொருள். பால்டிக் கடற்கரை அம்பர் ஏறத்தாழ 3.5 முதல் 4.5 கோடி ஆண்டுகள் பழமையானது.

சொல்லின் கூறுகள்

இச்சொல்லின் பிற்பகுதியான "ஸ்டேன்" கல்லைக் குறிக்கும். முற்பகுதி "எரிதல்" என்னும் பொருளுடைய "பார்னென்" என்ற பழைய வினையிலிருந்து வந்தது. தற்கால டச்சு மொழியில் இப்பொருளில் வழங்கும் வினை "பிராண்டென்" ஆகும். ஒரே வேரிலிருந்து தோன்றிய இவ்விரு வடிவங்களிலும் ரகர ஒலியும் உயிரொலியும் இடம் மாறியுள்ளன. தமிழில் "தசை" என்பது "சதை" என வழங்குவதும் ஒலிகள் இடம் மாறுவதற்கு எடுத்துக்காட்டாகும். டச்சு மொழியில் மூன்றைக் குறிக்கும் "திரீ", மூன்றாவது என்பதைக் குறிக்கும் "டெர்டெ" ஆகியவற்றிலும் இம்மாற்றத்தைக் காணலாம்.

"பார்னென்" இன்று சில மரபுத்தொடர்களில் மட்டுமே எஞ்சியுள்ளது. வழக்கொழிந்த இவ்வினையைக் கூட்டுச்சொல் காத்து வைத்துள்ளது.

தோற்றமும் பரவலும்

இச்சொல் இடைக்காலக் கீழ் ஜெர்மன் மொழியிலிருந்து டச்சு மொழிக்கு வந்தது. கீழ் ஜெர்மன், பால்டிக் மற்றும் வடகடல் துறைமுகங்களை இணைத்த ஹான்சா வணிகர்களின் மொழியாகும். பிரஷ்யக் கடற்கரை அம்பர், லூபெக், புரூஜ் நகரங்களின் செபமாலை செய்வோருக்கு விற்கப்பட்டது. ஜெர்மன் மொழியின் "பெர்ன்ஷ்டைன்", சுவீடிய மொழியின் "பேர்ன்ஸ்டேன்", போலந்து மொழியின் "புர்ஷ்டின்" ஆகியவையும் இதே மூலத்தைச் சேர்ந்தவை.

பெயர்க் காரணம்

அம்பர் கரிமப்பொருள் ஆதலால் தீப்பற்றி, பிசின் மணத்துடன் எரியும். இப்பண்பே பெயருக்குக் காரணமாயிற்று. இதற்கு முந்தைய பெயர் வேறு பண்பைச் சுட்டியது. உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 அளவில் எழுதிய "ஜெர்மானியா" நூலில் அம்பரின் உள்ளூர்ப் பெயராகக் "கிளேசும்" என்பதைக் குறிப்பிடுகிறார். இது கண்ணாடியைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லுடன் தொடர்புடையது.

தொடர்புடைய சொற்கள்

டச்சு மொழியில் "அம்பர்" என்ற சொல்லும் உண்டு. இது திமிங்கிலத்திலிருந்து கிடைக்கும் நறுமணப்பொருளைக் குறித்த "அன்பர்" என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கடற்கரையில் ஒதுங்கும் இவ்விரு பொருள்களுக்கும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ஒரே பெயர் வழங்கியதால் குழப்பம் நேர்ந்தது. "பார்ன்ஸ்டேன்" என்ற சொல்லில் அக்குழப்பம் இல்லை.

சக்சினிக் அமிலத்தின் டச்சுப் பெயர் "பார்ன்ஸ்டேன்சூர்", அதாவது "அம்பர் அமிலம்" என்பதாகும். அம்பரைச் சூடாக்கி இவ்வமிலத்தைப் பெறும் முறையை ஜார்ஜ் அக்ரிகோலா 1546-இல் விவரித்தார்.