காற்றை எதிர்த்த கலங்கள்

வெப்ப மண்டலக் கடல்களின் மீது ஆண்டு முழுவதும் ஒரே திசையிலிருந்து வீசும் காற்றை நம் பாடநூல்கள் வியாபாரக் காற்று என்றும், தடக்காற்று என்றும் இரு பெயரிட்டு வழங்குகின்றன. இவ்விரண்டனுள் பின்னதே பொருத்தமான பெயர். ஆங்கிலேய மாலுமிகள் இக்காற்றுக்கு இட்ட 'டிரேட்' என்னும் சொல், பழைய வழக்கில் வணிகத்தை அன்று, செல்தடத்தையே குறித்தது. தடம் மாறாது வீசுவதால் வந்த பெயர் அது. வணிகக் கப்பல்கள் பெருகிய பின்னரே அதன் மீது வணிகப் பொருள் ஏறிக்கொண்டது.

இந்தக் காற்றையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, 'உங்கள் முன்னோர் கடலோடிகள் அல்லர். அலை கொண்டுவந்து ஒதுக்கிய மரக்கட்டைகளைப் போன்றோரே' என்று ஒரு மக்களினத்தைப் பார்த்து அறிஞர் சிலர் தீர்ப்புரைத்தனர். பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவினரும் அவர்தம் உறவினரான ஏனைய பாலினீசியரும் அத்தீர்ப்பை எவ்வாறு மாற்றி எழுதினர் என்பது நாம் அறிய வேண்டிய வரலாறாகும்.

காற்றும் தீவுகளும்

தடக்காற்றைப் படம் வரைந்து விளக்க முற்பட்டவர்களுள் முதன்மையானவர் எட்மண்ட் ஹாலி. அவருடைய ஆய்வுரை 1686-இல் வெளிவந்தது. காற்று நேர் தெற்காகவோ வடக்காகவோ செல்லாமல் மேற்கு நோக்கிச் சாய்வதற்குப் பூமியின் சுழற்சியே காரணம் என்று 1735-இல் ஜார்ஜ் ஹாட்லி எடுத்துரைத்தார். நிலநடுக்கோட்டை நோக்கி வரும் காற்று, வடபாதியில் வடகிழக்கிலிருந்தும் தென்பாதியில் தென்கிழக்கிலிருந்தும் வீசுகிறது. இடையே காற்றொடுங்கிய ஒரு பட்டை கிடக்கிறது. பாய்மரக் காலத்து மாலுமிகள் பெரிதும் அஞ்சிய இடம் அது.

ஹவாய்த் தீவுகள் வடகிழக்குத் தடக்காற்றின் நேர்வழியில் நிற்கின்றன. கோடையில் பெரும்பாலான நாட்களும், குளிர்காலத்தில் ஏறத்தாழப் பாதி நாட்களும் அங்கே இக்காற்று வீசும். ஈரம் சுமந்து வரும் காற்று மலையில் மோதி மேலெழுந்து சாரலாய்ப் பொழிகிறது. கவாய்த் தீவின் வாயலேயாலே மலைமுகட்டில் ஆண்டுக்குச் சற்றேறக் குறைய 11,000 மில்லிமீட்டர் மழை பெய்ய, அதே தீவின் மறுபக்கக் கடற்கரையில் 500 மில்லிமீட்டர் அளவே கிடைக்கிறது. காற்று முகத்தைக் கோஒலாவ் என்றும், காற்று மறைவைக் கோனா என்றும் அம்மக்கள் பெயரிட்டு வாழ்ந்தனர். தடக்காற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் மோஅஏ.

தீவுகளுக்கிடையேயுள்ள கால்வாய்களில் இக்காற்றின் சினம் பெரிது. மௌயித் தீவின் ஹலேயாகாலா மலை 3,055 மீட்டர் உயரம்; ஹவாய்ப் பெருந்தீவின் மௌன கேயா 4,205 மீட்டர். இவ்விரு சுவர்களுக்கும் நடுவே ஏறத்தாழ 48 கிலோமீட்டர் அகன்ற அலெனுயிஹாஹா கால்வாயில் காற்று நெருக்குண்டு பாய்கையில், கடல் கொந்தளித்து மலைபோல் எழும். இத்தகைய நீரில் இரட்டைத் தோணிகளை ஓட்டிய மக்களையே கரையொதுங்கியவர்கள் என்றனர்!

துப்பாயாவின் சொல்

1769-இல் கேப்டன் ஜேம்ஸ் குக் தாஹித்தித் தீவுக்கு வந்தபோது, ராயாத்தேயாத் தீவின் பூசகரும் கடலறிஞருமான துப்பாயா என்பவர் அவருடைய கப்பலில் ஏறிக்கொண்டார். கிழக்கிலிருந்தே காற்று வீசும் கடலில் மேற்கேயுள்ளவர்கள் கிழக்கு நோக்கி எவ்வாறு பயணம் செய்தனர் என்னும் ஐயத்துக்கு அவர் தெளிவாக விடை கூறினார். நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் மழையோடு மேற்குக் காற்று வீசும். அக்காற்றைப் பயன்படுத்திக்கொள்ளத் தம் மக்கள் அறிவர் என்பதே அவர் சொன்னதன் சாரம். குக் அதனைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். துப்பாயாவோ அடுத்த ஆண்டே பத்தாவியாவில் நோயுற்று மறைந்தார்.

1777-இல் அத்தியூத் தீவில், தாஹித்தியிலிருந்து புறப்பட்டுக் காற்றால் அடித்துவரப்பட்ட சிலர் கண்டறியப்பட்டனர். தீவுகளில் மக்கள் குடியேறிய விதம் இதுவேயாகலாம் என்று குக்கின் கருத்து அப்போது சாய்ந்தது. மறு ஆண்டு ஜனவரியில் ஹவாய்த் தீவுகளைக் கண்டபோது, தெற்கே பேசப்படும் மொழியே அங்கும் பேசப்படுவது அவரை வியப்பில் ஆழ்த்தியது. இவ்வினம் இத்துணைப் பெருங்கடலில் பரவியது எவ்வாறு என்னும் வினாவை அவர் விட்டுச் சென்றார்.

அறிஞர்களின் தீர்ப்பு

1947-இல் நார்வே நாட்டுத் தோர் ஹேயர்தால் கோன்-டிக்கி என்னும் மரத்தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து புறப்பட்டு, 101 நாட்களில் ராரோயாப் பவளத்தீவை அடைந்தார். காற்றும் நீரோட்டமும் கிழக்கிலிருந்து மேற்காகச் செல்வதால், பாலினீசியாவின் முதற்குடிகளும் அமெரிக்காவிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அவருடைய நூல் உலகெங்கும் பரவியது. 1956-இல் நியூசிலாந்தின் ஆண்ட்ரூ ஷார்ப் வேறொரு திசையிலிருந்து தாக்கினார். கருவிகளின்றி நெடுந்தொலைவுக்குத் திட்டமிட்டுச் சென்று திரும்புதல் இயலாது. தொலைதூரத் தீவுகளில் குடியேறியவர்கள் வழி தவறியோ காற்றில் அடிபட்டோ சேர்ந்தவர்களே என்றார் அவர்.

இத்தீர்ப்புகள் ஹவாய் மக்களை எந்நிலையில் வந்தடைந்தன என்பதையும் கருத வேண்டும். 1893-இல் அவர்களுடைய அரசு கவிழ்க்கப்பட்டது. 1896-ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே பள்ளிகளின் பயிற்று மொழியாக்கியது. 1902-இல் மோசஸ் நாகுயினா தம் மொழியில் வெளியிட்ட நூலொன்றில் ஊர்தோறும் வீசும் காற்றுகளின் பெயர்கள் வரிசையாக இடம்பெற்றுள்ளன. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று பெயர்களை அடுக்கும் நம் கரையோர மக்களுக்கு அதன் அருமை புரியும். மொழி மறைந்தால், காற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் அறிவும் உடன் மறையும். நாடிழந்து, மொழியிழந்து நின்றவர்களிடம் எஞ்சியிருந்தது முன்னோர் பெருமை ஒன்றே. அதுவும் பறிபோகும் நிலை வந்தது.

கடலின் மறுமொழி

முதல் மறுப்பு கணிப்பொறியிலிருந்து வந்தது. 1973-இல் லெவிசன், வார்டு, வெப் ஆகிய மூவர் காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிட்டுப் பல்லாயிரம் கற்பனைத் தோணிகளை மிதக்கவிட்டனர். பாலினீசியத் தீவுகளிலிருந்து வெறுமனே மிதந்து சென்றவற்றுள் ஒன்றேனும் ஹவாயை அடையவில்லை.

அதே ஆண்டு ஹவாயில் பாலினீசியக் கடற்பயணக் கழகம் தோன்றியது. மானிடவியலறிஞர் பென் ஃபின்னி, ஓவியர் ஹெர்ப் கானே, டாமி ஹோம்ஸ் ஆகியோர் அதனை நிறுவினர். ஏறத்தாழ 19 மீட்டர் நீளமுள்ள இரட்டைத் தோணி 1975-இல் கடலில் இறக்கப்பட்டது. அதற்கு ஹோக்குலேஆ, அதாவது 'மகிழ்வின் விண்மீன்' என்று பெயரிட்டனர். அரபு மாலுமிகள் சிமாக்குர் ராமிஹ் என்றும் நாம் சுவாதி என்றும் அழைக்கும் விண்மீனே அது. ஹவாயின் உச்சி வானைக் கடந்து செல்லும் மீன் அது என்பதில்தான் கடலறிவின் நுட்பம் அடங்கியிருக்கிறது. தெற்கிலிருந்து வருபவன் தீவுக்குக் கிழக்கே விலகியே வடக்கு நோக்கி ஓட்டுவான். சுவாதி தலைக்கு நேர் மேலே வந்ததும் தோணியை மேற்கே திருப்புவான். எதிர்த்து வந்த தடக்காற்று அந்நொடி முதல் துணையாகி, அவனைத் தீவில் கொண்டு சேர்க்கும்!

தோணி ஆயத்தமாயிற்று, செலுத்தும் கலை ஹவாயில் மறைந்துவிட்டிருந்தது. ஆகவே கரோலின் தீவுகளைச் சேர்ந்த சத்தவால் என்னும் சிறு தீவிலிருந்து மௌ பியாயிலுக் என்பவரை அழைத்து வந்தனர். விண்மீன்கள் எழும் இடமும் விழும் இடமுமே அவருடைய திசைகாட்டி. இப்னு மாஜிதும் 15-ஆம் நூற்றாண்டின் அரபு முஅல்லிம்களும் அடிவானத்தை விண்மீன்களால் 32 திசைகளாக வகுத்ததை அறிந்தவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. இரு பெருங்கடல்களின் மாலுமிகளும் வானத்தை ஏறத்தாழ ஒரே விதமாய் ஓதியிருக்கின்றனர்.

1976 மே 1-ஆம் நாள் மௌயித் தீவிலிருந்து தோணி புறப்பட்டது. அக்கடல் மௌவுக்குப் புதியது. தாஹித்தி தெற்கே 4,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஹவாயைவிடக் கிழக்கே தள்ளிக் கிடக்கிறது. எனவே வடகிழக்குக் காற்றையும், அமைதிப் பட்டையைக் கடந்தபின் தென்கிழக்குக் காற்றையும் இடையறாது எதிர்த்தே ஓட்ட வேண்டும். கருவி ஒன்றுமின்றி, விண்மீனையும் அலையின் ஏற்ற இறக்கத்தையும் கொண்டு மௌ வழி நடத்தினார். ஜூன் 4-ஆம் நாள் தோணி பப்பேத்தே துறைமுகத்தில் நுழைந்தபோது, பல்லாயிரம் மக்கள் கரையில் திரண்டு நின்றனர்.

விலை

வெற்றிக்குப் பின் துயரம் வந்தது. 1978 மார்ச் 16-ஆம் நாள், தடக்காற்று மூர்க்கமாய் வீசிக்கொண்டிருந்த வேளையில், துணைக்கப்பலின்றி ஹோக்குலேஆ மீண்டும் புறப்பட்டது. சில மணி நேரத்தில், ஓஆஹூவுக்கும் மொலோக்காய்க்கும் அப்பாலுள்ள கொந்தளிப்பான நீரில் கவிழ்ந்தது. கவிழ்ந்த தோணியைப் பற்றிக்கொண்டு இரவைக் கழித்தவர்களுள் எட்டி ஐக்காவு ஒருவர். கரைக்காவலராய்ப் பல உயிர்களைக் காத்த 31 வயது வீரர் அவர். உதவி தேடி அலைப்பலகையில் ஏறி லானாய்த் தீவை நோக்கித் துடுப்பிட்டார். ஏனையோர் அன்றிரவே மீட்கப்பட்டனர். எட்டி திரும்பவே இல்லை.

முன்னோர் கண்ட கடலும் இதுவே என்பதை அவ்விழப்பு உணர்த்தியது. நைனோவா தாம்சன் என்னும் ஹவாய் இளைஞர் மௌவிடம் மாணவராய் அமர்ந்து, 1980-இல் தாஹித்திக்குச் சென்று திரும்பும் வழி முழுதும் கருவியின்றித் தோணியை நடத்தினார். 1986-இல் சமோவாவிலிருந்து கிழக்கே தாஹித்திக்கு மேற்குக் காற்று வாய்த்த நாட்களைப் பயன்படுத்தி ஹோக்குலேஆ சென்றது. துப்பாயா சொன்னது போல, கிழக்குக் காற்று ஓய்ந்து மேற்குக் காற்று எழும் பொழுதறிந்து செல்லலாம் என்பதை உலகம் கண்கூடாகக் கண்டது.

பின்னாளில் மரபணு ஆய்வுகளும் இதற்கு வலுவூட்டின. பாலினீசியரின் முதன்மையான மூலம் ஆசியப் பக்கமே. 2020-இல் வெளியான ஆய்வு, 1200-ஆம் ஆண்டையொட்டி அவர்களுக்கும் அமெரிக்கப் பழங்குடியினருக்கும் உறவு ஏற்பட்டதைக் காட்டியது. ஹேயர்தால் கருதிய தொடர்பு உண்மையே. ஆனால் அதனைக் கொண்டு அவர் சொன்ன தொடக்கக் கதை நிலைக்கவில்லை.

ஷார்ப்பும் ஹேயர்தாலும் காற்றின் திசையைச் சரியாகவே அறிந்திருந்தனர். அது என்று ஓயும், எப்போது திரும்பும் என்பதை அறிந்தவர்கள் அக்காற்றோடு வாழ்ந்தவர்களே. அவர்களைக் கேளாமல் எழுதப்பட்டதே பிழை. மௌ பியாயிலுக் 2010-இல் காலமானார். தம் தீவின் இளைஞர் இக்கலையைப் புறக்கணித்த காலத்தில், கற்க வந்த அயலாருக்கு அதனை வாரி வழங்கியவர் அவர். 2007-இல் அவர் தம் தீவிலேயே நைனோவா தாம்சனுக்கும் வேறு சிலருக்கும் கடலாசான் பட்டம் சூட்டினார். கடலோடிகள் அல்லர் என்று தீர்ப்புரைக்கப்பட்ட இனத்துக்கு அக்கலை, பசிபிக்கின் சிறு தீவொன்றின் வழியே, மீண்டும் உரிமையாயிற்று.