பிரிஸ்டல் நகரின் மதுவிடுதிகளும் ஒரு சாட்சியமும்

இங்கிலாந்தின் தென்மேற்கே ஏவன் ஆற்றங்கரையில் அமைந்த பிரிஸ்டல், கடல் வாணிகத்தால் செழித்த பழம்பெரும் துறைமுக நகர். அங்குச் செல்லும் பயணிகளைக் கிங் வீதியிலுள்ள ‘லான்டோகர் டுரோ’ எனும் மதுவிடுதி ஈர்க்கும். 1664இல் எழுந்த மரச்சட்டக் கட்டடம் அது. ‘ராபின்சன் குரூசோ’ எழுதிய டேனியல் டீஃபோ, தனித்தீவில் வாழ்ந்து மீண்ட அலெக்சாண்டர் செல்கர்க்கை இங்குச் சந்தித்தார் என்பது செவிவழிக் கதை.

நான் காண விரும்பியதோ தாமஸ் சந்திலுள்ள ‘செவன் ஸ்டார்ஸ்’ என்ற சிறு மதுவிடுதியை. 1787ஆம் ஆண்டு, அடிமை வாணிகத்துக்கு எதிராகச் சான்று திரட்ட, 27 வயது இளைஞரான தாமஸ் கிளார்க்சன் பிரிஸ்டலுக்கு வந்தார். இவ்விடுதியை நடத்திய தாம்சன் அவருக்குத் துணைநின்றார். இருவரும் நள்ளிரவில் மார்ஷ் வீதியின் மதுக்கூடங்களுக்குச் சென்று, அடிமைக் கப்பல்களுக்கு ஆள் பிடிக்கும் முறையை நேரில் கண்டனர். மாலுமிகளைக் குடிக்க வைத்துக் கடனாளியாக்கி, சிறையா கப்பலா எனக் கேட்பதே அம்முறை. கிளார்க்சன் திரட்டிய சான்றுகள் நாடாளுமன்ற விவாதங்களுக்கு வலுச் சேர்த்தன. 1807இல் பிரித்தானியா அடிமை வாணிகத்தைத் தடை செய்தது. இன்று அவ்விடுதிச் சுவரில் ஒரு நினைவுப் பலகை உள்ளது.

அதே நகரில், அடிமை வாணிகத்தால் பொருளீட்டிய எட்வர்ட் கோல்ஸ்டனுக்கு 1895இல் சிலை எழுப்பினர். 2020 ஜூன் 7ஆம் நாள் போராட்டக்காரர்கள் அதனைச் சாய்த்துத் துறைமுக நீரில் தள்ளினர். பின்னர் மீட்கப்பட்ட அச்சிலை, எம் ஷெட் அருங்காட்சியகத்தில் கிடத்தி வைக்கப்பட்டுள்ளது.

அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியதும், தோட்ட முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைத் தேடினர். மலாயாவிலும், கங்காணி தந்த முன்பணம் நம் முன்னோர் பலரைக் கடனாளிகளாக்கித் தோட்டங்களில் கட்டிப்போட்டது. ஆகவே மார்ஷ் வீதியின் கடன் கணக்கு எனக்கு அயலாகத் தோன்றவில்லை.

கிளார்க்சன் மாலுமிகளைத் தேடிச் சென்று கேட்டார். கேட்டதை எழுதி வைத்தார். என் மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: தாத்தா பாட்டியிடம் தோட்ட வாழ்க்கையைக் கேளுங்கள், பெயரும் ஆண்டும் தவறாமல் எழுதி வையுங்கள். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும்.