பரஸ்பர சகாய நிதி

பரஸ்பர சகாய நிதி என்பது, அங்கத்தினர்களிடமிருந்து மட்டுமே சேமிப்பையும் வைப்புத்தொகையையும் பெற்று, அவர்களுக்கே ஈட்டின்பேரில் கடன் வழங்கும் ஸ்தாபனமாகும். கம்பெனிச் சட்டப்படி பதிவு பெறுவதால் கூட்டுறவுச் சங்கத்தினின்றும், அங்கத்தினருக்குள் அடங்கிய வியவகாரமாதலால் வங்கியினின்றும் வேறுபடுவது.

இதற்கு முன்மாதிரி, அங்கத்தினர் கூட்டாகச் சேமித்து வீடு அமைத்துக்கொள்ளும் இங்கிலாந்தின் கட்டடச் சங்கம். 1775-இல் பர்மிங்ஹாமில் ரிச்சர்டு கெட்லி தொடங்கியதாக அறியப்படும் முதற் சங்கமும் அதன் வழிவந்தவையும், அங்கத்தினர் அனைவருக்கும் வீடு அமைந்ததும் கலைந்துவிடும் இயல்பின. கலையாது நிலைத்து, புதியவர்களை எந்நாளும் சேர்த்துக்கொள்ளும் 'பெர்மனென்ட்' சங்கங்கள் 1840-களிலேதான் தோன்றின. ஆகவே, 1872-இல் ஸ்தாபிதமான மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு என்னும் நிதியின் பெயரில் அச்சொல் வெறும் அலங்காரமன்று; அதன் அமைப்பையே சுட்டுவது.

சர் பிரெடரிக் நிக்கல்ஸன், சென்னை அரசாங்கத்துக்காக 1895, 1897 ஆண்டுகளில் அளித்த விவசாய வங்கி அறிக்கையில் இந்நிதிகளை விரிவாக ஆராய்ந்தாராயினும், கிராமங்களுக்கு ஜெர்மனியின் ரைபைஸன் கூட்டுறவுக் கடன் முறையையே சிபாரிசு செய்தார். 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் அவ்வழியில் எழுந்தது. நிதிகளோ பெரும்பாலும் தமிழ்நாட்டு நகரங்களிலேயே வேரூன்றின.

முன்னர் 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 620-ஏ பிரிவு நிதிகளை ஆண்டது; இப்போது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 406-ஆம் பிரிவு ஆள்கிறது. 2014-ஆம் ஆண்டு விதிகள் முதலில் வகுத்தபடி, ஓராண்டுக்குள் குறைந்தது 200 அங்கத்தினர் சேரவேண்டியிருந்தது. அவ்விதிகளின்படி, வைப்புத்தொகை நிகர சொந்த நிதியின் (மூலதனமும் காப்பிருப்பும் சேர்ந்து, நஷ்டம் நீங்கியது) 20 மடங்கை விஞ்சலாகாது. நகை, வீடு, நிலம் முதலியவற்றின்மீதே கடன் தரலாம். சீட்டு, காப்புறுதி, வாடகைக் கொள்முதல் ஆகியன விலக்கப்பட்டவை.