வலைப்பூவில் வருமானம்: விளம்பரம் தருவது எவ்வளவு? விளம்பரதாரர் பதிவுக்கு விதிகள் என்ன?

புது தில்லி: சொந்தமாக வலைப்பூ நடத்தி அதில் பணம் ஈட்ட விரும்புவோருக்கு இரண்டு வழிகளே முதன்மையாக உள்ளன. ஒன்று, பக்கத்தில் தானாகத் தோன்றும் விளம்பரங்கள். மற்றொன்று, ஒரு நிறுவனத்திடம் பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு எழுதப்படும் விளம்பரதாரர் பதிவுகள். முதலாவதில் வருவாய் குறைவு. சட்டச் சிக்கலும் குறைவு. இரண்டாவதில் ஒரே பதிவுக்குக் கிடைக்கும் தொகை பல மாத விளம்பர வருவாயை மிஞ்சக்கூடும். ஆனால், வாங்கிய பணத்தை மறைத்தோ, பொய்யான தகவல் தந்தோ வாசகரைத் தவறாக வழிநடத்தினால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்கப்படலாம். பகுதி நேரமாக எழுதுவோருக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் அறிவதில்லை.

தமிழுக்குத் தாமதமாக வந்த விளம்பரம்

பிளாகர் தளத்தை 2003 பிப்ரவரியில் வாங்கிய கூகுள் நிறுவனம், அதே ஆண்டு ஜூன் மாதம் ஆட்சென்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கியது. தனியாக விளம்பரப் பிரிவு இல்லாத சிறு எழுத்தாளரும் தம் பக்கத்தில் விளம்பரம் வெளியிட இதுவே வழி திறந்தது. ஐஐடி ரூர்க்கியில் கணினி அறிவியல் படித்த அமித் அகர்வால், 2004இல் ஆக்ராவிலிருந்து தொழில்நுட்ப வலைப்பூவைத் தொடங்கினார். வலைப்பூவையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட முதல் இந்தியராக அவர் பரவலாக அறியப்படுகிறார். அவர் எழுதியது ஆங்கிலத்தில்.

இந்திய மொழிகளுக்கு நிலைமை வேறாக இருந்தது. ஆட்சென்ஸ் சேவை இந்திக்கு 2014 டிசம்பரிலும், தமிழுக்கு 2018 பிப்ரவரியிலும்தான் விரிவாக்கப்பட்டது. தமிழ்மணம் திரட்டி 2004இலேயே தொடங்கப்பட்டு, தமிழ் வலைப்பதிவுகள் பெருகியிருந்தன. ஆயினும் அந்த முதல் தலைமுறைப் பதிவர்களில் பெரும்பாலோர் ஒரு ரூபாயும் பெறாமல்தான் எழுதினர்.

நூறு டாலரை எட்டுவது எப்படி?

பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும், அதில் உள்ள விளம்பர இடத்துக்கு நொடிப்பொழுதில் ஏலம் நடக்கிறது. வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார், எதைப் பற்றிப் படிக்கிறார், எந்த மொழியில் படிக்கிறார் என்பவை விலையைத் தீர்மானிக்கின்றன. கடன், காப்பீடு, மென்பொருள் போன்றவற்றுக்கு விளம்பரதாரர் அதிகம் தருவர். கவிதைக்கும் பயண அனுபவத்துக்கும் தரமாட்டார்கள். அமெரிக்க வாசகரின் பார்வைக்குக் கிடைக்கும் தொகையுடன் இந்திய வாசகரின் பார்வைக்குக் கிடைப்பதை ஒப்பிட இயலாது. தீபாவளியை ஒட்டிய மாதங்களில் விலை சற்றே உயரும்.

இந்த ஏலத் தொகை முழுவதும் எழுதுபவருக்கு வராது. கூகுள் விளம்பரச் சேவை வழியாக வரும் விளம்பரங்களில், விளம்பரதாரர் செலவிடும் தொகையில் சுமார் 68 விழுக்காடு தள உரிமையாளருக்குச் சேர்கிறது. சொடுக்கும் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் தரும் பழைய முறையைக் கைவிட்டு, விளம்பரம் காட்டப்படும் எண்ணிக்கைக்கு ஏற்பத் தரும் முறைக்கு மாறுவதாக 2023 நவம்பரில் கூகுள் அறிவித்தது.

வருவாய் 10 டாலரை எட்டியதும் முகவரியைச் சரிபார்க்க அஞ்சலில் ரகசிய எண் அனுப்பப்படும். 100 டாலர் சேர்ந்த பிறகே வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். ஆயிரம் பக்கப் பார்வைக்கு அரை டாலர் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், அந்த 100 டாலரைச் சேர்க்க 2 லட்சம் பார்வைகள் தேவை. மாதம் 10 ஆயிரம் பார்வைகள் பெறும் வலைப்பூவுக்கு இதற்கு 20 மாதங்கள் ஆகும். "வீட்டிலிருந்தே மாதம் லட்சம்" என்று வகுப்பு விற்பவர்கள் இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை.

தம் பக்க விளம்பரத்தைத் தாமே சொடுக்குவதும், நண்பர்களைச் சொடுக்கச் சொல்வதும் கணக்கு முடக்கத்தில் முடியும். சேர்ந்திருந்த தொகையும் கைக்கு வராது.

பணம் பெற்று எழுதினால்

இவ்வளவு சிறிய தொகைக்குக் காத்திருப்பவரிடம், ஒரு பதிவுக்குச் சில ஆயிரம் ரூபாய் தருவதாக மின்னஞ்சல் வரும்போது மறுப்பது எளிதல்ல. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், இதற்கான வழிகாட்டு நெறிகளை 2021 மே மாதம் வெளியிட்டு, ஜூன் 14 முதல் நடைமுறைப்படுத்தியது. அது விளம்பரத் துறையினரே அமைத்துக்கொண்ட தன்னொழுங்கு அமைப்பு. சட்டத்தின் பிடி அதன் பிறகு இறுகியது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிரான நெறிகளை 2022 ஜூன் 9 அன்று அறிவித்தது. இணையத்தில் பொருள்களைப் பரிந்துரைப்போருக்கென நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரி 20 அன்று தனி வழிகாட்டியை வெளியிட்டது.

பரிந்துரைப்பவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள பொருள்சார் தொடர்பு, வாசகர் தவறவிட முடியாதபடி தெரிவிக்கப்பட வேண்டும் என்பதே இவற்றின் சாரம். ரொக்கம் மட்டும் தொடர்பு அல்ல. இலவசமாக வந்த பொருள், தள்ளுபடி, பரிசு, விடுதித் தங்கல், பயணச் செலவு, விருது, குடும்ப உறவு, வேலை உறவு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். விளம்பரம், கட்டண விளம்பரம், கூட்டு முயற்சி என்பன போன்ற எளிய சொற்களைப் பயன்படுத்தலாம். பதிவு எந்த மொழியில் உள்ளதோ அந்த மொழியிலேயே அறிவிப்பும் இருக்க வேண்டும். தமிழில் முழுப் பரிந்துரையையும் எழுதிவிட்டு, கடைசியில் சிறிய எழுத்தில் ஆங்கிலச் சுருக்கச்சொல் ஒன்றைச் சேர்ப்பது போதாது. குறிச்சொற்களின் கூட்டத்துக்குள் அதைப் புதைப்பதும் கூடாது. தாம் பயன்படுத்திப் பார்க்காத பொருளைப் பரிந்துரைக்கலாகாது என்றும் வழிகாட்டி கூறுகிறது.

மீறினால் முதல் முறை ரூ.10 லட்சம் வரையும், மீண்டும் மீறினால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஓராண்டு வரை எந்தப் பொருளையும் பரிந்துரைக்கத் தடை விதிக்கலாம். அடுத்தடுத்த மீறல்களுக்கு அது மூன்றாண்டு வரை நீளலாம். விளம்பரத்தில் சொல்லப்பட்டது உண்மைதானா என்று உரிய கவனத்துடன் சரிபார்த்தவருக்கு அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. எனவே நிறுவனத்திடம் ஆதாரம் கேட்டுப் பெற்ற மின்னஞ்சல்களைப் பாதுகாத்து வைப்பது வீண் வேலையல்ல.

சில துறைகளில் அறிவிப்பு மட்டும் காப்பாற்றாது. நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை விளம்பரப்படுத்துவோருக்கு இரண்டாண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம் ஆகியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டம் வகை செய்கிறது. பதிவு பெறாமல் முதலீட்டு ஆலோசனை தருவோருடன் தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் தொடர்பு வைத்துக்கொள்வதற்கு 2024இல் செபி தடை விதித்தது.

இணைப்பு விற்பனை

பெரும்பாலான சிறு வலைப்பூக்களுக்கு வரும் அழைப்பு பரிந்துரைக்கானதே அல்ல, ஓர் இணைப்புக்கானது. ஆயத்தக் கட்டுரையை அனுப்பி, அதில் உள்ள இணைப்பைச் சாதாரண இணைப்புபோல விட்டுவிடும்படி கேட்பார்கள். தேடுபொறியில் தங்கள் தளத்தை முன்னுக்குக் கொண்டுவருவதே அவர்களின் நோக்கம். பணம் பெற்ற இணைப்புகளைக் குறிப்பதற்கென்றே 2019 செப்டம்பரில் தனி அடையாளத்தைக் கூகுள் அறிமுகப்படுத்தியது. அதைச் சேர்க்காமல் விற்பது அதன் கொள்கைக்கு விரோதம். பிடிபட்டால் தேடல் முடிவுகளில் வலைப்பூ பின்னுக்குத் தள்ளப்படும்; அல்லது காணாமலே போகும். வாசகர் வரவு நின்றால் விளம்பர வருவாயும் நிற்கும். கிடைக்கும் சில ஆயிரத்துக்கு இது மோசமான பேரம்.

வரிக் கணக்கு

இலவசப் பொருளும் வருமானமே. ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு வழங்கும் பலன்களின் மதிப்பு ரூ.20 ஆயிரத்தைத் தாண்டினால், வழங்கும் நிறுவனம் 10 விழுக்காடு வரி பிடித்தம் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மதிப்புரைக்காக ரூ.35 ஆயிரம் மதிப்புள்ள கைப்பேசி ஒன்றை ஒருவர் பெற்று, தமக்கே வைத்துக்கொண்டால் பிடித்தம் ரூ.3,500. பயன்படுத்திப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டால் அது பலனாகக் கருதப்படாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் விளக்கியுள்ளது. சிறிய அளவில் தொழில் செய்யும் தனிநபர்கள் வழங்கும் பொருளுக்கு இந்தப் பிடித்தக் கடமை இல்லை. பிடித்தம் செய்யப்படாவிட்டாலும், பெற்றவர் தம் வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டியாக வேண்டும். தளப் பெயர், சர்வர் வாடகை, இணையக் கட்டணம் ஆகியவற்றைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம்.

ஆண்டு மொத்த வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு அவசியம். சில மாநிலங்களில் இந்த வரம்பு ரூ.10 லட்சம். வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து டாலராக வரும் விளம்பர வருவாயும் இந்த வரம்பைக் கணக்கிடும்போது சேர்க்கப்படும். பதிவு பெற்றவருக்கு அது ஏற்றுமதிச் சேவையாகக் கருதப்பட்டு வரி விகிதம் பூஜ்யமாகும். உள்நாட்டு நிறுவனத்துக்கு எழுதும் பதிவுக்கோ 18 விழுக்காடு வசூலித்துச் செலுத்த வேண்டும்.

பணம் பெற்றதை மறைத்து எழுதப்பட்ட பதிவால் பாதிக்கப்பட்டதாகக் கருதும் வாசகர்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யலாம். விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் இணையதளத்திலும் புகார்கள் ஏற்கப்படுகின்றன.