மகளிர், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு
வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவ, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் காவல் துறை வளாகத்திலேயே இருந்து பணியாற்றும் அமைப்பு. டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் மும்பைக் காவல் துறையுடன் இணைந்து 1984-இல் தொடங்கியது. கணவன், அவன் உறவினர் செய்யும் கொடுமையைக் குற்றமாக்கிய 498அ பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது அதற்கு முந்தைய ஆண்டில்தான்.

அடிபட்டு வருபவளை ‘வீட்டு விவகாரம், அனுசரித்துப் போ’ என்று திருப்பி அனுப்புவது காவல் நிலையங்களில் புதிதல்ல. இப்பணியாளர்களோ வன்முறையைக் கணவனின் குடி, கோபம் என்று சுருக்குவதில்லை. குடும்பத்தில் அதிகாரம் யார் கையில் என்று பார்க்கிறார்கள். முதலில் அவள் சொல்வதை நம்பிக் கேட்பது, அடுத்து பாதுகாப்பு. தங்குமிடம், மருத்துவம், சட்ட உதவி, அவளுடைய நகை, பாத்திரங்களை மீட்பது, கணவனை அழைத்துப் பேசுவது எல்லாம் அவள் விருப்பப்படியே. ஊர்ப் பஞ்சாயத்துச் சமரசத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடி நிற்க வேண்டும் என்பதில் இங்கே பேரம் கிடையாது.

பின்னர் இந்த அமைப்பு மகாராஷ்டிரத்தின் பிற மாவட்டங்களுக்கும் வேறு சில மாநிலங்களுக்கும் பரவியது. இப்பிரிவு தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு அலுவலர் என்ற பதவி அதன்வழி உருவானதே.