மலக்குழி ரோபோ: வாங்குவது யார், சாவி யாரிடம்?

தோழர்களே,

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்ய 1993-இல் ஒரு சட்டம் வந்தது. அது பெரிதும் உலர் கழிப்பறைகளைப் பற்றியே பேசியது. பாதுகாப்பின்றி மலக்குழியிலும் செப்டிக் டேங்கிலும் மனிதரை இறக்குவதைக் குற்றமாக்கியது 2013 சட்டம்தான். 1993 முதல் அப்படி இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் அதே நீதிமன்றம் அதை 30 லட்சமாக்கியது. இழப்பீடு உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. இறந்தவர்கள் எந்தச் சாதியினர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ரோபோவின் கதையும் ஒரு சாவிலிருந்தே தொடங்குகிறது. 2015-இல் கோழிக்கோட்டில் மேன்ஹோலுக்குள் சிக்கிய இரண்டு தொழிலாளர்களும், காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அதைப் பார்த்த கேரளப் பொறியியல் இளைஞர்கள் 'பேண்டிகூட்' (பெருச்சாளி) என்ற ரோபோவைச் செய்தார்கள். 2018-இல் அது திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. பிறகு கும்பகோணம், கோவை எனத் தமிழ்நாட்டுக்கும் வந்தது.

ஆனால் அது மேன்ஹோலுக்கான கருவி. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். அதன் அடியில் இறுகிக் கிடக்கும் கசடை லாரிக் குழாய் மட்டும் உறிஞ்சாது. அங்கேதான் ஆளை இறக்குகிறார்கள். சென்னை ஐஐடி உருவாக்கிய 'ஹோமோசெப்' இதற்கானது. சிறிய வாய் வழியே உள்ளே போய், குடைபோல் விரியும் தகடுகளைச் சுழற்றிக் கசடைக் கரைக்கும். பிறகு பம்ப் உறிஞ்சிவிடும்.

சரியான கருவியைத் தேர்ந்தெடுத்தால் போதுமா? போதாது. இயந்திரம் ஒப்பந்ததாரருக்குப் போனால், நேற்று குழியில் இறங்கியவர் நாளை வேலையும் இழப்பார். 2017-இல் ஹைதராபாத்தில் 70 சிறிய கழிவகற்று வாகனங்கள் வந்தபோது அவற்றின் உரிமையாளர்களாகத் தலித் தொழில்முனைவோரே ஆனார்கள். 2019-இல் டெல்லியில் 200 வாகனங்கள் அதே வழியில் வந்தன. ஹோமோசெப்பின் முதல் கருவிகள், மலக்குழியில் கணவரை இழந்த பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்குப் போயின. இந்த வரலாற்றில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய இழை இதுதான்.

கோட்டக்குப்பம் 2021-இல் நகராட்சியானது. புதுச்சேரியை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகளும் வீடுகளும் பெருகுகின்றன. அவற்றின் தொட்டிகளும் நிறையும். ஆகவே நகராட்சியிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எந்தத் தொட்டிக்கு எந்தக் கருவி? அது யார் பெயரில் வாங்கப்படும்? பழுதானால் எத்தனை நாளில் சரி செய்வார்கள்?

மூன்றாவது கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். இயந்திரம் ஷெட்டில் கிடக்கும் நாளில்தான் மறுபடி நம் ஆளைக் கூப்பிடுவார்கள்.

ஜெய்பீம்.