அகாஸ்வேருவும் செர்க்சஸும்

தமிழ் வேதாகமத்தின் எஸ்தர் புத்தகம் அகாஸ்வேரு என்ற ராஜாவின் விருந்தோடு தொடங்குகிறது. இந்தியா முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகள் அவர் கையில். பள்ளிச் சரித்திரப் பாடத்திலோ, கி.மு. 480-இல் கிரேக்கத்தின் மீது படையெடுத்த செர்க்சஸ் வருகிறார். இருவரும் ஒருவரே. ஆனால் அது தெளிவாக 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய கிரேக்க வேதாகமம் எஸ்தரின் கணவரை அர்தசஷ்டா என்று வேறொரு மன்னராக்கியிருந்தது.

பழம் பாரசீகத்தில் செர்க்சஸின் பெயர் க்ஷயார்ஷா, அதாவது வீரர்களை ஆள்பவன். சொல் முதலில் மெய்கள் நெருக்கியடிப்பது எபிரேய நாவுக்கு ஒத்துவரவில்லை. ரங்கனைத் தமிழ் அரங்கனாக்கியது போல, முன்னால் ஓர் அகரத்தை இட்டுக்கொண்டது. கிரேக்கரிடம் ‘ஷ’ ஒலியே இல்லை. கிடைத்ததை வைத்துச் சமாளித்து, கடைசியில் தங்கள் இலக்கணப்படி ஒரு ‘ஸ்’ சேர்த்தார்கள். பாரசீகப் பெயர்களெல்லாம் ‘ஸ்’ என்றே முடிகின்றன, இது பாரசீகருக்கே தெரியாது என்று பெருமையோடு எழுதிவைத்தார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். பெரும்பாலும் அது அவருடைய சொந்த மொழியின் வால்தான்.

மற்ற பெயர்களும் பொருள் பொதிந்தவை. வேதாகமத்தின் தரியு, அதாவது டேரியஸ், சொந்த மொழியில் ‘தாரயவஹுஷ்’: நன்மையைத் தாங்கிப் பிடிப்பவன். அர்தசஷ்டாவின் முற்பாதியான ‘அர்த’, வேதங்கள் சொல்லும் ‘ருத’த்தின் உடன்பிறப்பு, அறத்தின் வழியே ஆள்பவன் என்று பெயர் விரிகிறது. எஸ்றா புத்தகத்தில் வரும் பொக்கிஷக்காரன் மித்திரேதாத், மித்ரன் கொடுத்த பிள்ளை. தேவதத்தன் என்பதன் அச்சில் வார்த்த பெயர்.

சிறைப்பட்டுப் போன யூதர்களின் பெயர்களில் அரசியலும் ஏறியது. ‘கடவுளே என் நீதிபதி’ என்று பொருள்படும் தானியேல், பாபிலோன் அரண்மனையில் பெல்தெஷாத்சார் ஆனான். மொர்தெகாய் என்ற பெயருக்குள் பாபிலோனின் மர்துக் தெய்வமே இருக்கிறது. எஸ்தரின் எபிரேயப் பெயர் மிருதுச்செடியைக் குறிக்கும் அத்சாள். எஸ்தர் என்பது இஷ்தார் தெய்வமா, நட்சத்திரத்துக்கான பாரசீகச் சொல்லா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

இந்தப் பெயர்களே ஒரு செத்த எழுத்துக்கும் உயிர் கொடுத்தன. டென்மார்க் மன்னர் அனுப்பிய குழுவின் கார்ஸ்டென் நீபுர், 1765-இல் பாரசீகத்தின் பெர்செபோலிஸ் இடிபாடுகளின் ஆப்பெழுத்துகளைப் படியெடுத்து வந்தார். படிக்கத்தான் ஆளில்லை. 1802-இல் கோட்டிங்கன் பள்ளி ஆசிரியர் கிரோட்டஃபெண்ட், 27 வயதுக்காரர், இரண்டு கல்வெட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தார். ஒன்றில் ஒரு ராஜா. தகப்பனுக்கு ராஜா பட்டம் இல்லை. மற்றதில் அந்த ராஜாவின் மகன், அவனும் ராஜா. பட்டம் ஏறாத தாத்தா யார்? பாரசீக மன்னர் கோரேசும் அவர் மகன் கம்பைசஸும் என்றால் இரு பெயரும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும். கல்லில் அப்படி இல்லை. எஞ்சியவர்கள் ஹிஸ்டாஸ்பஸ், மகன் டேரியஸ், பேரன் செர்க்சஸ். டேரியஸின் எபிரேய வடிவமும், பிரெஞ்சு அறிஞர் ஆங்கெடில் துப்பெரோன் சூரத்தின் பார்சி குருக்களிடம் பயின்று வெளியிட்ட அவர்களது வேதமான அவெஸ்தாவின் பெயர்களும் எழுத்துகளை அடையாளம் காண உதவின. கல்லில் க்ஷயார்ஷா என்று படிக்க முடிந்த பிறகுதான் அகாஸ்வேரு யார் என்ற கேள்வி தீர்ந்தது.

டேரியஸின் பெயர் பாரசீகத்தில் ‘தாரா’ என்று சுருங்கி மொகலாயர் வீட்டுக்கும் வந்தது. ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோ, தாராவின் மாட்சிமை கொண்டவன். 1657-இல் அவர் உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தார். அந்த நூலை லத்தீனில் ஐரோப்பாவுக்குக் கொடுத்தவரும் அதே ஆங்கெடில் துப்பெரோன்தான். அதன் இரு தொகுதிகள் 1801, 1802 ஆண்டுகளில் வெளிவந்தன.